நின்றுபோன நாலு நிமிடம்

மார்ச் 3, செவ்வாய்

பங்குச் சந்தை திறந்து அரை மணி நேரத்தில், சந்தாதாரர்களுக்கு விலை காட்டும் எங்கள் நிறுவனத்தின் திரை நாலு நிமிடம் செத்துப்போனது. செத்தது யாருக்கும் தெரியவில்லை, அதுதான் விஷயமே. நொடிக்கு நொடி மாற வேண்டிய பங்கு விலைகள் அசையாமல் நின்றன. மூலையில் கடிகாரம் மட்டும் ஜோராக ஓடியது. அது பார்ப்பவருடைய கணினியின் நேரம், விலை வந்த நேரம் இல்லை. ஆனால் கடிகாரம் ஓடினால் எல்லாமே ஓடுகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

முன்பெல்லாம் விலை வருவது நின்றால் எண்கள் சாம்பல் நிறமாகிவிடும். இரண்டு நொடி தடங்கலுக்கும் ஆகும். உடனே போன் அலறும், வாடிக்கையாளர் சேவையில் உட்கார்ந்திருக்கிற எங்கள் காது புண்ணாகும். "அந்தச் சாம்பலை எடுத்துட்டா என்ன சார்?" என்று போன வருடம் கேட்டவள் நான்தான். மேலாளர் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கைதட்டினார், சாம்பலை எடுத்தும்விட்டார்கள். எனக்கும் தலைகால் புரியவில்லை.

இன்று எனக்கு மட்டும் பத்தொன்பது அழைப்பு. எல்லோருக்கும் மேலாளர் எழுதிக்கொடுத்த ஒரே பதில்: "உங்க இணைப்பு மெதுவா இருந்திருக்கும், சரிபாருங்க."

பல் டாக்டருக்கும் அதையே சொன்னேன். ஆறு வருடப் பழக்கம், குரல் மட்டும்தான். வீட்டு முன்னறையில் கிளினிக். ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் எங்கள் திரையைப் பார்ப்பார். இன்று 412 என்று பார்த்து விற்றிருக்கிறார், கைக்கு வந்தது 388. "அப்படியா? எங்க லைன்தானா?" என்றார். நம்பிவிட்டார். கத்தியிருந்தால் தேவலை.

மார்ச் 4, புதன்

பக்கத்து இருக்கைக்காரி சொல்கிறாள்: "நாலு நாள்ல எல்லாரும் மறந்துடுவாங்க, விடுக்கா." சரி, விட்டேன்.

விட்டேனா?

மார்ச் 9, திங்கள்

டாக்டர் கூப்பிட்டார். எதற்கு? நன்றி சொல்ல! புது இணைப்பு வாங்கி, சுவரைக் குடைந்து வயரெல்லாம் மாற்றிவிட்டாராம்.

"காரணத்தையும் கண்டுபிடிச்சுட்டேம்மா. வீட்டம்மா முட்டி ஆபரேஷன் பண்ணிட்டுப் படுத்திருக்காங்க. அவங்க படம் பார்க்கிறதுதான் லைனை இழுக்குது. சந்தை நடக்கிற நேரத்துல தொடக்கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டேன்."

சந்தை நடப்பது பகல் முழுக்க. எழுந்து நடக்க முடியாத ஒருத்தி பகல் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாள், நான் சொன்ன ஒரு வாக்கியத்தால்.

"சரிங்க டாக்டர்" என்று போனை வைத்தேன். அடிப்பாவி, சரிங்க டாக்டரா?

மார்ச் 10, செவ்வாய்

வீட்டில் இவரிடம் சொன்னேன். இவருக்கு வேலை போய் எட்டு மாதம். வீடு ஓடுவது என் சம்பளத்தில். காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"உண்மையைச் சொன்னா உன் வேலை போயிடுமா?"

"போகலாம்."

"சரி, அப்ப ரெண்டு பேருமா உக்காந்து நறுக்கலாம்."

சிரிக்க வைக்கத்தான் சொன்னார். ஆனால் மறுபடி கத்தியை எடுத்தவர், இருந்த காயையெல்லாம் பொடிப்பொடியாக நறுக்கித் தள்ளிவிட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது.

மார்ச் 12, வியாழன்

டாக்டர் ஒருவருக்காவது சொல்லிவிடலாமா என்று மேலாளரிடம் கேட்டேன்.

"ஒருத்தருக்குச் சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரிம்மா. தவிர, சாம்பலை எடுக்கச் சொன்னதே நீங்கதானே?"

அன்றைக்குக் கைதட்டினாரே, அது இதற்குத்தான் போலிருக்கிறது. ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை. என் காது நோகக்கூடாது என்று நான் கேட்டதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

மார்ச் 16, திங்கள்

சொல்லிவிட்டேன்.

அலுவலக போனில்தான் பேசினேன். எல்லா அழைப்பும் பதிவாகும், ஆகட்டும்.

"டாக்டர், அன்னைக்கு உங்க லைன்ல ஒண்ணுமே இல்ல. எங்க பக்கம்தான் நின்னுபோச்சு. தெரிஞ்சேதான் உங்ககிட்ட மாத்திச் சொன்னேன்."

போனை மேசையில் வைக்கும் சத்தம். செருப்புச் சத்தம் தள்ளிப்போனது. தூரத்தில் அவர் குரல், "இந்தாம்மா... அது உன்னால இல்லையாம்." பிறகு கணீரென்று ஒரு பெண் குரல்: "அதைத்தானே நான் அன்னைக்கே சொன்னேன்! முதல்ல ரிமோட்டைக் குடுங்க." எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

திரும்பி வந்த டாக்டர் கோபப்படவில்லை. "ஆறு வருஷமா உங்க குரலை நம்பித்தாம்மா அந்தத் திரையை நம்பினேன். சந்தாவை நிறுத்திடுங்க" என்றார்.

மார்ச் 17, செவ்வாய்

சந்தா நிறுத்தும் படிவத்தை நான்தான் நிரப்ப வேண்டும். 'காரணம்' என்ற கட்டத்தில் எழுதினேன்: "எங்கள் விலைகள் நாலு நிமிடம் நின்றன. வாடிக்கையாளரின் இணைப்பு மேல் பழியைப் போட்டு நான் பொய் சொன்னேன்." என் பணியாளர் எண்ணையும் போட்டேன்.

மார்ச் 18, புதன்

மேலாளர் அதை அழித்துவிட்டு "வாடிக்கையாளர் பக்க இணைப்புக் கோளாறு" என்று மாற்றியிருந்தார். திறந்து மறுபடி எழுதினேன்.

மார்ச் 19, வியாழன்

மாற்றியிருந்தார். எழுதினேன்.

மாலை எங்கள் வரிசைக்கே வந்து, எல்லோர் காதிலும் விழ, "வேலையா வீம்பான்னு திங்கட்கிழமைக்குள்ள முடிவு பண்ணிக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். யாரும் என் பக்கம் திரும்பவில்லை. இவரிடம் வந்து சொன்னேன். "திங்கட்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கே" என்றார். மனுஷன் அவ்வளவுதான் சொன்னார். போதும்.

மார்ச் 20, வெள்ளி

வந்ததும் படிவத்தைத் திறந்தேன். மேலாளரின் வரி இல்லை. நான் எழுதினது அப்படியே இருந்தது, அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி: "நானும் இதே பொய்யைச் சொன்னேன், இருபத்திரண்டு பேரிடம்." பக்கத்தில் பக்கத்து இருக்கைக்காரியின் பணியாளர் எண். அவளைப் பார்த்தேன். யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தாள், தலையைத் தூக்கவில்லை.

அதற்கும் கீழே இன்னும் நாலு எண்கள். எங்கள் வரிசையில் இருப்பதே ஆறு பேர்தான்.