கதவில்லாத புழுக்கள்

மார்ச் 3
ஆய்வுக்கூடத்தின் பழைய புழுக்கள் மெலிந்துவிட்டதால் வரவழைத்த புதுப் புழுக்கள் இன்று தபாலில் வந்தன. மரபணுவை அணைக்கச் சொல்லும் செய்தியான ஆர்.என்.ஏ. செல்களுக்குள் நுழையக் கதவு இல்லாத வகை. சாதாரணப் புழுவுக்கு அந்த ஆர்.என்.ஏ. உள்ள பாக்டீரியாவை ஊட்டினால், செய்தி குடலிலிருந்து செல்லுக்குச் செல் பரவி, தசையில் ஒளிரும் பச்சையை அணைத்துவிடும். கதவில்லாத புழுவிலும் அணைகிறது, ஆகவே இரண்டாவது வழி ஒன்று உண்டு. இரண்டு வருடம் முன்பு நான் கண்டது அதுதான். என் பெயரில் வந்த ஒரே கட்டுரை.

மார்ச் 7
புதுப் புழுக்களில் அணையவில்லை. தட்டு முழுக்கப் பச்சை.

மார்ச் 8
பாக்டீரியா கெட்டிருக்கும். ஆனால் அதையே தின்ற சாதாரணப் புழுக்கள் இருண்டு கிடக்கின்றனவே?

மார்ச் 13
கட்டுரைக்குப் பயன்படுத்திய பழைய புழுக்களின் மரபணுவைச் சோதித்தேன். கதவு இருக்கு. முழுசா இருக்கு. மூன்று முறை பார்த்தாச்சு. இவை சாதாரணப் புழுக்கள்! எப்போதோ தட்டை மாற்றி வைத்திருக்கிறேன். தட்டின் மேலிருப்பது என் கையெழுத்துதான்.

மார்ச் 14
யாருக்கும் தெரியாது. பழைய புழுக்களைக் கழுவி ஊற்றிவிட்டால் தெரியவே தெரியாது — இதை எழுதுவது நானா?

மார்ச் 17
முன்பு என் பக்கத்து மேஜையில் இருந்த அக்கா, வேறு ஆய்வுக்கூடத்திலிருந்து போனில் பேசினாள். என் கட்டுரையை நம்பி அந்த இரண்டாவது வழியைத் தேடுகிறவள்.
“பதினாலு மாசம் ஆச்சுடி. ஒண்ணும் வரல. எனக்குத்தான் கை சரியில்ல போல. விட்டுடலாம்னு பாக்குறேன்.”
சோதித்ததைச் சொல்லாமலே போனை வைத்தேன். சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?

மார்ச் 18
பேராசிரியரிடம் மரபணுச் சோதனையின் படத்தைக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார். போட்டார். மறுபடி கழற்றித் துடைத்தார்.
“வேற யாருக்குத் தெரியும்?”
“யாருக்கும் தெரியாது சார்.”
எதற்குக் கேட்கிறார்?
“அப்ப நாமதான் சொல்லணும். கட்டுரையைத் திரும்பப் பெறுறோம்னு இதழுக்கு இன்னிக்கே எழுது. உன் பட்டம் என்னாகும்னு எனக்குத் தெரியலம்மா.”

அன்றே, மாலை
அக்காவிடம் சொல்லிவிட்டேன்.
“அப்ப தப்பு என் மேல இல்லையா?”
“இல்லக்கா.”
அழுதாள். போனை வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 4
பட்டம் இரண்டு வருடம் தள்ளிப்போகிறது. அக்கா வேலையை விடவில்லையாம். பேராசிரியர் சொல்லித்தான் தெரியும்.

ஏப்ரல் 11
அக்காவிடமிருந்து செய்தி: “புதுப் புழுவையாவது ஒழுங்கா சோதிச்சியா?”
சோதித்தேன் என்று எழுதினேன்.
“படத்தை அனுப்பு. நான் பாக்கணும்.”
அனுப்பினேன்.