நான் மேனேஜராகப் பேசியது

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவும் நானும் சுகம். நீயும் சுகம் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் அம்மாவுக்குச் சோறு இறங்குமாம். அம்மாவின் கண்ணாடி உடைந்துவிட்டது, அதனால் அவள் சொல்ல நான் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, கோணல்மாணலைப் பொறுத்துக்கொள். டியூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே, கால் வீங்கினால் மறைக்காதே என்கிறாள்.

எங்கள் தையல் கம்பெனிக் கதவு விஷயம் கேட்டிருந்தாய். போன மாதம் இஸ்திரிப் பக்கம் புகை வந்தபோது வெளிக்கதவு பூட்டியிருந்தது, சாவி வரும்வரை முப்பது பெண்களும் கதவை அடித்துக்கொண்டு நின்றோம். பூட்டுவதே இல்லை என்று மேனேஜர் லேபர் ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிட்டார். மனித உரிமை வேலையைப் புத்தகத்தில் படித்தால் போதாது, இறங்கிச் செய்து பழகுங்கள் என்று வாத்தியார் அனுப்பிய சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர்தான் எங்களுக்காக மனு எழுதினார்கள். விசாரணைக்கு முன்னால் நம் வீட்டு முன்னறையில் ஒத்திகை. சாட்சி சொல்லச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பாவம் பார்த்து மேனேஜர் வேஷம் கொடுத்தார்கள். அதை மட்டும் வெளுத்து வாங்கினேன், மூன்று வருஷமாகத் தினமும் கேட்கிற வசனமாயிற்றே. கேள்வி கேட்ட பிள்ளை வியர்த்துப்போய் நோட்டை மூடிவிட்டாள். இந்த வாயில்லாப் பூச்சிக்கு அதிகாரம் பண்ண மட்டும் வாய் இருக்கு என்று அம்மா சிரித்தாள்.

விசாரணை அன்று, சாட்சி சொல்ல இருந்த பட்டன் தைக்கிற பெண் பயந்துபோய் வரவில்லை. அவளுக்குப் பதிலாக என்னை எழுந்து நிற்க வைத்துவிட்டார்கள். கதவைப் பூட்டுவார்களா என்று அதிகாரி கேட்டார். சொந்த வார்த்தை ஒன்றும் வரவில்லை அக்கா, பழகின வசனம்தான் வந்தது. பூட்டாவிட்டால் பாதித் துணி வெளியே போய்விடும், சாவி என் பாக்கெட்டில் இருக்கும்போது உங்களுக்கு என்ன பயம் என்று அதட்டிவிட்டேன், அதுவும் அதிகாரியை. பிள்ளைகள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். எதிரே இருந்த மேனேஜருக்குத்தான் பொறுக்கவில்லை. பாக்கெட்டில் எப்போ வைத்தேன், மேஜை டிராயரில்தானே இருக்கும் என்று பாய்ந்தார். அதிகாரி அதை அப்படியே எழுதச் சொன்னார். இப்போது கதவில் பூட்டு இல்லை, மேனேஜர் என்னோடு பேசுவதும் இல்லை, இரண்டும் நிம்மதி. புதிதாகச் சட்டம் பழகும் பிள்ளைகளுக்குப் பயம் தெளியவேண்டுமாம், மேனேஜராக வந்து உட்காரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தையே முடிக்காதவள் காலேஜுக்குப் போகிறேன், திட்டுவதற்கு.

நோய்நொடி இல்லாமல் நீ நிறைந்து வாழவேண்டும் என்று அம்மா வாழ்த்துகிறாள். ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதச் சொன்னாள்: நீ தங்கியிருக்கும் விடுதியின் வெளிக்கதவைப் பூட்டுகிறார்களா, சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டு எழுது.

அம்மா சொன்னதைக் கொஞ்சமும் தன் கதையை நிறையவும் எழுதிய,
உன் தங்கை