கதவைத் திறக்க ஒருத்தி

சனவரி 10, வெள்ளி

நேற்று மாலை ஆலை வாயிற் கூட்டம். தூறலிலும் ஒருவரும் கலையவில்லை. ஒலிபெருக்கி இருமுறை செத்தது, நான் சாகவில்லை. முதல் வரி வாய்த்துவிட்டால் போதும், மற்றவை தாமே அணிவகுத்து வரும். முப்பது ஆண்டுகளாகக் கையில் ஒரு துண்டுத் தாள் பிடித்ததில்லை.

விடியற்காலைப் பேருந்தில் இறங்கி, வீட்டு அழைப்புமணியை அழுத்தினேன். உள்ளிருந்து வழக்கமான கேள்வி.

"யாரது?"

"இடி."

"மழை உண்டா, இல்ல வெறும் சத்தம்தானா?"

கதவு திறந்தது. மேடைகள் எனக்கு இட்ட பட்டம் இடி. அதை இவ்வளவு ஏளனமாக எடுத்தாளும் துணிவு என் தங்கை ஒருத்திக்கே உண்டு. எந்த ஊர் சென்று எந்த வேளையில் திரும்பினாலும் இதே கேள்வி, இதே விடை. அதன்பின் தேநீர்.

இன்று தேநீரோடு அவளும் எதிரில் அமர்ந்தாள். மருந்துக் கடையில் நோயாளியிடம் மாத்திரை விளக்குவாளே, அதே முகம்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். கத்தாம கேப்பியா?"

"நான் எப்போது கத்தினேன்?"

என் குரலுக்கு மாடிவீட்டுச் செவிலியின் நாற்காலி நகர்ந்த ஓசை கேட்டது. தங்கை கூரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரைத் திருமணம் செய்துகொள்ள விரும்புகிறாளாம். நாற்பத்தாறு அகவையில். அவர் மனைவியை இழந்தவர். கடையை வேறு ஊருக்கு மாற்றுகிறார் – தொடர்வண்டியில் அரை நாள் தொலைவு. அவளும் போக வேண்டும்.

"நீ வேண்டாம்னு சொன்னா போகல," என்றாள்.

அப்படி ஒரு படைக்கலத்தை என் கையில் கொடுத்திருக்க வேண்டாம்.


சனவரி 13, திங்கள்

இசைந்துவிட்டேன். எப்படி? எழுந்து நின்று, மேசையில் கை ஊன்றி, பெண்ணின் உரிமை குறித்து நெடுநேரம் முழங்கினேன். அவள் காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். முடிவில், "சரிக்கா, இதுல எனக்கு ஆமாவா இல்லையா?" என்றாள்.

ஆம் என்றேன். அச்சொல் மட்டும் ஒலிபெருக்கி இல்லாதது போல் வந்தது.


சனவரி 15, புதன்

கண்ணாடிக்காரர் வீட்டுக்கு வந்தார். மெல்லப் பேசுகிறார். அவர் சொல்வது கேட்க நாம்தான் குனிய வேண்டும். இத்தகையோரை எனக்குப் பிடிப்பதே இல்லை.

என் கண்ணாடியைக் கேட்டு வாங்கினார், காம்பின் திருகாணியை முடுக்கித் திருப்பித் தந்தார். ஈராண்டாய்ச் சரிந்து வந்தது, இப்போது சரியவில்லை. அதுவும் பிடிக்கவில்லை.


சனவரி 24, வெள்ளி

இம்மாதம் இரங்கற் கூட்டங்களே மிகுதி. தொழிற்சங்கத்தைக் கட்டிய மூத்தவர்கள் ஒருவர் பின் ஒருவராய்ப் போகிறார்கள். நேற்றும் ஒன்று. படம் திறந்து, பேசி, "அனைவரும் எழுந்து நின்று அமைதி காப்போம்" என்று முடித்தேன். செயலாளர் கையைப் பற்றிக்கொண்டார். "தோழர், உங்க பேச்சு கேக்கறதுக்காகவே செத்துப் போகலாம்னு தோணுது."

"வரிசையில் நில்லுங்கள்," என்றேன்.

சிரித்துக்கொண்டேதான் வந்தேன். வீட்டுக் கூடத்தில் திறந்து கிடந்த தங்கையின் பயணப் பெட்டியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.


பிப்ரவரி 4, செவ்வாய்

இன்று அவள் எனக்கு ஒரு திறவுகோல் கொடுத்தாள். என் வீட்டின் திறவுகோல். இத்தனை ஆண்டுகளில் என்னிடம் அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்பது அதை வாங்கும்போதுதான் உறைத்தது. எதற்கு இருக்க வேண்டும்? உள்ளே எப்போதும் ஆள் இருந்தது.

"கதவை உன் பக்கம் இழுத்துப் பிடிச்சிட்டுத் திருப்பணும்க்கா. சும்மா திருப்பினா சுத்தும், திறக்காது."

"புரட்சியே செய்திருக்கிறேன், ஒரு பூட்டைத் திறக்க மாட்டேனா?"

"புரட்சி இழுக்காம வந்திருக்கும். பூட்டு வராது."

சமையலறைச் செப்புகளில் எல்லாம் சீட்டு ஒட்டியிருக்கிறாள், மருந்துக்கு எழுதுவது போலவே. தேயிலைச் செப்பில்: 'ஒரு வேளைக்கு இரண்டு கரண்டி. மிஞ்சினால் தூக்கம் போகும்.' உப்பில்: 'உனக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது. மறக்காதே.'

அச்சம் என்று எழுதப் பார்த்தேன். எழுதிப் பார்த்தால் அது ஏதோ வேறொருத்திக்கு நேர்வது போல் இருக்கிறது.

பயமா இருக்கு. அவ்வளவுதான். காவல்துறை வண்டிக்கு முன்னால் படுத்தவளுக்கு, காலியான கூடத்தை நினைச்சா விளக்கை அணைக்க மனசு வரல. யார்கிட்ட சொல்றது இதை? அவகிட்டயா? சொன்னா போக மாட்டாளே.


பிப்ரவரி 9, ஞாயிறு

வெள்ளியன்று பதிவு அலுவலகத்தில் கையெழுத்து. இன்று சங்கக் கட்டடத்தில் வரவேற்பு. கூடம் நிறைந்திருந்தது, பெரும்பாலும் சங்கத்தார். செயலாளர் என்னை வாழ்த்துரைக்கு அழைத்தார். நான் எதையும் ஆயத்தம் செய்யவில்லை. என்றைக்குச் செய்தேன்?

முதல் வரி வந்தது: "இன்று நம்மை விட்டுப் பிரிந்து செல்லும் என் அன்புத் தங்கை..."

வந்த வரியை நான் திருப்பி அனுப்புவதில்லை. அடுத்தது வந்தது, அதற்கடுத்ததும். அவள் எளிமை, அவள் தன்னலமின்மை, அவள் இல்லாத இல்லத்தின் இருள். எவர் நிரப்புவார் இவ்விடத்தை என்று கேட்டேன். முன்வரிசையில் ஒரு மூதாட்டி கண்ணைத் துடைத்தார். என் குரல் எனக்கே நன்றாகக் கேட்டது. ஏறி வந்த ஏணியில் கடைசிப் படி ஒன்றே எஞ்சியிருந்தது, கால் தானே ஏறிற்று.

"அனைவரும் எழுந்து நின்று அமைதி காப்போம்."

எழுந்தார்கள்! சங்கத்தார் அல்லவா, சொன்னால் எழுவார்கள். கூடம் முழுவதும் தலை குனிந்து நின்றது. இனிப்புத் தட்டு ஏந்தி வந்தவர் தட்டோடு நின்றார். செயலாளர் கண்ணை மூடியிருந்தார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது, நான் என்ன செய்துவிட்டேன் என்று.

ஒலிவாங்கி இன்றியே கேட்டது என் தங்கையின் குரல். "அக்கா, எல்லாரையும் உக்காரச் சொல்லு. எனக்குக் கல்யாணம்தான் ஆயிருக்கு, நான் போய்ச் சேரல."

கூடம் வெடித்துச் சிரித்தது. நான் மட்டும் மேடையில், வாய் திறந்தபடி. எதிர்க்கட்சிக் கல்லெறிக்கு மறுமொழி வைத்திருப்பவள். ஒலிவாங்கிக் கம்பியைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தேன்.

கண்ணாடிக்காரர் மேடையேறி என் பக்கத்தில் நின்றார். ஒலிவாங்கியில் பேசியும் அவர் குரல் சிறிதாகவே இருந்தது. எல்லோரும் சிரிப்பை நிறுத்திக் குனிந்து கேட்டார்கள்.

"இத்தனை வருஷம் கூடவே இருந்தவங்க வீட்டை விட்டுப் போறாங்க. அதுக்கு ஒரு நிமிஷம் எழுந்து நின்னா தப்பில்லைங்க. நானும் நின்னேன்."

மாலை வண்டியில் ஏற்றிவிட்டேன். வண்டி நகர்ந்தபோது அவள் அழவில்லை, மூக்கைச் சொறிந்துகொண்டாள். சிறுமியாய் இருந்தபோதும் அழுகையை அப்படித்தான் மறைப்பாள்.


பிப்ரவரி 10, திங்கள்

பேச ஆளில்லை. எழுதவும் ஒன்றுமில்லை.


பிப்ரவரி 13, வியாழன்

மாடிவீட்டுச் செவிலி கதவைத் தட்டினாள். மருத்துவமனையில் இரவுப் பணி, பகலில்தான் உறக்கம்.

"அக்கா, யார் கூட சண்டை? காலையிலேர்ந்து கேக்குது."

சண்டை இல்லை. அரிசிப் பானையிடம் வினவிக்கொண்டிருந்தேன், ஏன் அடிப்பிடித்தாய் என்று. ஒருவரும் இல்லாத வீட்டில் என் பேச்சு எவ்வளவு உரக்க ஒலிக்கிறது என எனக்குத் தெரியவில்லை. இருபது பேருக்குப் பேசுவதும் இருபதாயிரம் பேருக்குப் பேசுவதும் அறிவேன். எவருமில்லாமைக்குப் பேசிப் பழக்கமில்லை.

"மன்னியுங்கள்," என்றேன்.

"பரவாயில்லக்கா. ஆனா அந்தப் பானை பாவம்."


பிப்ரவரி 19, புதன்

பிற்பகல்தான் கொடியது. காலையில் வேலை இருக்கிறது. மாலையில் கூட்டம் இருக்கிறது. மூன்று மணிக்கு, தெருவில் மிதிவண்டி ஒலியும் அடங்கிய பின், கூடத்தில் வெயில் ஒரு கட்டமாய் விழுந்து மெல்ல நகர்கிறது. அவள் தன் வார விடுப்பு நாளில் அந்தக் கட்டத்தில் அமர்ந்து துணி மடிப்பாள். நான் இன்று என் துணியை அங்கே கொண்டுபோய் மடித்தேன். ஒழுங்காக மடிக்க வரவில்லை.


பிப்ரவரி 25, செவ்வாய்

தங்கை அழைத்தாள். இன்னும் கண்ணாடிக்காரரின் உறவினர் வீட்டில்தான் இருக்கிறார்களாம்.

"அக்கா, உன் குரலே சரியில்ல. இவர் சொல்றார், உனக்குக் கஷ்டமா இருந்தா கடையைத் திரும்ப அங்கயே வச்சுக்கலாமாம். இங்க கடைக்கு இன்னும் கையெழுத்துப் போடல. ஞாயித்துக்கிழமை போடணும். அதுக்குள்ள சொல்லிடு."

"உனக்கு அந்த ஊர் பிடித்திருக்கிறதா?"

"ஜன்னலைத் திறந்தா ஆறு தெரியுதுக்கா," என்றாள். "இங்க மருந்துக் கடையில வேலையும் சொல்லியிருக்காங்க." அவசரமாய்ச் சேர்த்துக்கொண்டாள்: "ஆனா அதெல்லாம் பெருசில்ல."

பல்லாயிரம் பேரை வாருங்கள் என்றழைத்துத் தெருவுக்குக் கொண்டுவந்தவள் நான். ஒருத்தியை அழைக்க ஓரெழுத்துச் சொல் போதும். வா. நாவின் நுனியில் நிற்கிறது. சொன்னால் வருவாள். கண்ணாடிக்காரரும் கடையைத் தூக்கிக்கொண்டு வருவார், ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டார்.

சொல்லிவிடுவேன். நாளை சொல்லிவிடுவேன்.


பிப்ரவரி 27, வியாழன்

இருமுறை கைப்பேசியை எடுத்தேன். இருமுறையும் அந்த ஆறு குறுக்கே ஓடிற்று.


மார்ச்சு 2, ஞாயிறு

நேற்று வெளியூர்க் கூட்டம். அவள் போன பின் முதல் வெளியூர். உள்ளூர்க் கூட்டங்களுக்குக் கதவை வெறுமனே சாத்திவிட்டே போய்வந்தேன், பூட்டிச் சென்றது இதுவே முதல். பேச்சு நன்றாகவே அமைந்தது. ஆனால் பேசும்போதே ஒன்று பின்னால் நின்று தோளைத் தட்டியது – விடிந்தால் அந்தக் கதவு. இருண்ட வீடு, பூட்டு, உள்ளே எவருமில்லை. பல நாளாய் நான் அஞ்சிக்கொண்டிருந்தது இந்த ஒரு காட்சியைத்தான்.

வண்டியில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன். வீட்டு வாயிலிலிருந்தே அவளை அழைத்து, வா என்று சொல்லிவிடுவது.

இறங்கி வந்தேன். மாடிப்படி ஏறாமல் கீழ்த்தளத்து நடையில் நேரே என் கதவுக்கு. பையைக் கீழே வைத்தேன். விரல் தானே சென்று அழைப்புமணியை அழுத்திற்று.

உள்ளே மணி அடித்து ஓய்ந்தது. நான் காத்திருந்தேன். என்ன மடமை – நின்றுகொண்டே காத்திருந்தேன், 'யாரது' என்ற குரலுக்கு. இன்னொரு முறையும் அழுத்தினேன்.

இரவுப் பணி முடித்து வந்த செவிலி பின்னால் நின்றிருக்கிறாள்.

"என்னக்கா, உங்க வீட்டுக்கு நீங்களே பெல் அடிக்கிறீங்க?"

"உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தேன்."

"இருக்காங்களா?"

"இல்லை."

"அப்ப தைரியமா போங்க. இருந்திருந்தாதான் பயப்படணும்."

கொட்டாவி விட்டபடியே படியேறிப் போய்விட்டாள். நான் சிரித்தேன். எத்தனை நாளுக்குப் பின் என்று தெரியவில்லை. என் சிரிப்பு அந்த நடையில் முட்டித் திரும்பி வந்தது.

திறவுகோலை இட்டுத் திருப்பினேன். சுற்றியது, திறக்கவில்லை. மறுபடி. பின்னர் நினைவு வந்து, கதவை என் பக்கம் இழுத்துப் பிடித்தேன். திறந்துகொண்டது.

வீடு இருளாக இல்லை. சன்னல் வழியே விடியல் வந்திருந்தது. நான் வருவதற்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது. மேசையில் நான் குடித்து வைத்த கோப்பை, வைத்த இடத்திலேயே. மடிக்கத் தெரியாமல் மடித்த என் துணிகள். அவ்வளவுதான். இதற்குத்தானா? நான் அஞ்சிய வீடு இதுதானா? பாய்ந்து வந்து கடிக்க அங்கே ஒன்றுமில்லை. வெறுமை இருந்தது, ஆம். அது என் வரவை எதிர்பார்க்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

தேநீர் போட்டேன். இரண்டு கரண்டி. நின்றபடியே குடித்துவிட்டு அவளை அழைத்தேன்.

"கையெழுத்துப் போடச் சொல்."

"நிஜமாவா? மேடைப் பேச்சு இல்லையே?"

"மேடை இல்லை. சமையலறையில் நிற்கிறேன்."

"சாவி திறந்துச்சா?"

"இழுத்துப் பிடித்தேன்."

மறுமுனையில் அவள் மூக்கைச் சொறிந்துகொண்டிருப்பாள்.


மார்ச்சு 12, புதன்

தனிமையாகத்தான் இருக்கிறது. பிற்பகல் மூன்று மணி இன்னும் மூன்று மணியாகவே இருக்கிறது. ஆனால் வெயில் கட்டம் நகர்வதைப் பார்த்திருக்கக் கற்றுவிட்டேன். அரிசிப் பானையிடம் குரல் உயர்த்துவதில்லை. நேற்றுச் செவிலியிடம் ஏதோ சொன்னபோது, "என்னக்கா சொன்னீங்க?" என்று அவள் என் பக்கம் குனிந்தாள்.


மார்ச்சு 23, ஞாயிறு

செப்புகளை எல்லாம் இடம் மாற்றினேன். தேயிலை மேல்தட்டில் இருப்பது என் உயரத்துக்கு ஒவ்வாது. அவள்தான் நெட்டை. சீட்டுகளை மட்டும் கிழிக்கவில்லை.


ஏப்ரல் 13, ஞாயிறு

விடியலில் அழைப்புமணி. விழித்துத்தான் படுத்திருந்தேன். கதவருகே போய் நின்றும் உடனே திறக்கவில்லை.

"யாரது?"

"மழை," என்றாள். "இடி வீட்ல இருக்கா?"

திறந்தேன். கையில் பை, முடி கலைந்து, முகம் சற்றுப் பூரித்திருந்தது. நேரே சமையலறைக்குப் போனாள், என்றும் போல, என்னை உட்காரச் சொல்லிவிட்டு. அலமாரி திறக்கும் ஓசை. மூடும் ஓசை. மறுபடி இன்னொன்று.

"அக்கா, தேயிலை எங்க வச்சிருக்க?"

இந்த வீட்டில் அந்தக் கேள்வியை எப்போதும் கேட்டவள் நான்தான்.

"கீழ்த்தட்டில், வலப்பக்கம்," என்றேன். உரக்கச் சொல்லத் தேவையிருக்கவில்லை.