பாங்குக்கு நிற்கும் ஊசி

ஞாயிறு, இரவு

ரெக்கார்ட் பிளேயர் வீட்டுக்கு வந்துவிட்டது. நான் ஆசைப்பட்டது இதை அல்ல. ஜங்ஷன் கடையில், பொத்தானை அழுத்தினால் தானே பாடித் தானே ஓயும் பளபளப்பான ஒன்று இருந்தது. அதைத்தான் கேட்டேன். என் மனைவி ஜீனத் குறுக்கே புகுந்து கடைக்காரரிடம் கேட்டாள்.

"அண்ணாச்சி, பள்ளிவாசல்ல பாங்கு சொன்னா பாட்ட நிப்பாட்டணும்லா? பொறவு விட்ட எடத்துல இருந்தே பாடுமா?"

பாடாதாம். நிறுத்தினால் ஊசி தன் இடத்துக்கே போய்விடுமாம். உடனே பக்கத்தில் இருந்த சாதாரணப் பெட்டியைக் காட்டினாள். அதில் ஊசியை இசைத்தட்டுக்கு மேலே தூக்கி நிறுத்த ஒரு சிறு பிடி உண்டு. எனக்கு எரிச்சல்தான். வாங்கினேன்.

சாயங்காலம் தம்ளரில் தண்ணீர் வைத்து மேசையின் சாய்வைப் பார்த்தாள். அட்டை மடித்து ஒரு காலுக்குக் கொடுத்தாள். ஊசியை இறக்கினேன். ஒரு பெண்குரல் எழுந்தது. உள்ளறையிலிருந்து வாப்பா வந்தார். அவருக்குப் பாட்டென்றாலே ஆகாது. திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். அவர் வாய் திறக்குமுன் அந்தித் தொழுகைக்கான மஃரிபு பாங்கு கேட்டது. ஜீனத் ஒரு விரலால் பிடியை உயர்த்தினாள். தட்டு சத்தமில்லாமல் சுற்ற, ஊசி அதன்மேல் அசையாமல் நின்றது. வாப்பா அதைப் பார்த்துக்கொண்டே பள்ளிவாசலுக்குப் போனார்.

திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"ஏலே, அந்தப் புள்ள பாதிப் பாட்டுலயே நிக்கா. பைய எறக்கி விடு."

இறக்கினேன். விட்ட அடியிலிருந்தே பாடினாள். ஜீனத் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் எழுந்து நின்று சலாம் வைத்திருப்பேன்.