சீதனக் கப்பல்

அன்புள்ள அர்கிரோ,

துருக்கியரிடம் நம் கிரேக்கப் படையைப்போல மூன்று மடங்கு கப்பல்கள். நம் ஹைட்ரா தீவு மாலுமிகள் யார் கட்டளைக்கும் பணிவதில்லை என்பதால் வாக்கெடுத்தோம். ஒரு கப்பலில் தார் நிரப்பி, எதிரிமேல் மோதவிட்டுக் கொளுத்த வேண்டும். எல்லோரும் கை தூக்கினார்கள், அடுத்தவன் கப்பலுக்காக.

“உம்ம கப்பல்தான் ஏற்கெனவே ஓட்டை, கேப்டன்!” என்றான் மாலுமி லாசரிஸ்.

“மாமனார் குடுத்த சீதனம்டா!”

“மனுசன் நல்லாத் தெரிஞ்சுதான் குடுத்திருக்காரு!”

தோற்றேன். நாளை அது எரியும்.

தீ வைப்பவன் கடைசி ஆளாகத்தான் தப்பும் படகில் குதிக்க முடியும். அதற்கும் வாக்கெடுத்தோம், ஒரு கையும் எழவில்லை. கடைசியில் நானே கை தூக்கினேன். அந்தச் சுக்கானின் முரண்டு எனக்குத்தான் பழக்கம்.

உன் அப்பாவிடம் இப்போதைக்குக் கப்பலைப் பற்றி மட்டும் சொல்.

உன் கணவன்