கோபம் இல்லை, ஊசி

என் செல்ல வாலுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பாவும் நானும் நலம், என் கழுத்தும் நேராகத்தான் இருக்கிறது. நீயும் வயிற்றில் இருக்கும் குட்டியும் நன்றாக இருக்க வேண்டும் என்பதே எந்நேரமும் நினைப்பு. தண்ணீர்கூட நிற்காமல் வாந்தி எடுக்கிறாய், ஊசி போடலாம் என்கிறார்கள் என்று நேற்று போனில் சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. போனில் எதைச் சொன்னாலும் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், அப்பா இதைப் படம் பிடித்து அனுப்புவார், மாப்பிள்ளையும் படிக்கட்டும்.

போன மாதம் வயிற்றைப் புரட்டி நான் ஆஸ்பத்திரியில் படுத்தேனே, அப்போது ஒரு ஊசி போட்டார்கள், வாந்தி நின்றது. அன்று காலையில்தான் உன் அப்பாவோடு சண்டை, ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டதற்கு. சாயங்காலம் என் கழுத்து தானாக ஜன்னல் பக்கம் இழுத்துக்கொண்டது, கண் மேலே செருகியது, நாக்கு மரக்கட்டையாகிவிட்டது. உன் அப்பாவோ நான் கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன் என்று நினைத்துவிட்டார்! "இன்னுமா கோவம் தீரல? இனிமே துண்டைக் கொடியிலதான் போடுவேன், இந்தப் பக்கம் திரும்பும்மா" என்று என் முதுகிடம் கெஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்கோ உயிரே போகிற பயம், ஒரு சொல் வரவில்லை, கண்ணீர்தான் வந்தது. ஜன்னலைச் சாத்த வந்த நர்ஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடினாள். மாற்று ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. "வாந்தி ஊசியால சில பேருக்கு இப்படி ஆகும்மா, இனிமே யார் ஊசி போட வந்தாலும் இதை முதல்ல சொல்லிடுங்க" என்றாள். இதே மருந்தை மனநோய்க்கும் கொடுப்பார்களாம், அதை மட்டும் உன் அப்பா என்னிடம் மறைக்கப் பார்த்தார். வயிறு நோகலாம், மனசு நோகக் கூடாதா, இதில் மறைக்க என்ன இருக்கிறது.

உனக்கும் அப்படி ஆகும் என்றில்லை. டாக்டர் வேண்டும் என்றால் போட்டுக்கொள், பட்டினி கிடந்து குட்டியை வாட்டாதே. ஆனால் கர்ப்பம் என்பதையும், சாப்பிடும் மாத்திரைகளையும், அம்மாவுக்கு ஆனதையும் முன்னாலேயே சொல். போட்டபின் சட்டென்று எழுந்திருக்காதே, தலை சுற்றும். கழுத்தோ தாடையோ இழுத்தால், கை கால் நிலைகொள்ளாமல் பரபரத்தால், வீட்டுக்கு வந்த பிறகானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. நீ வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கிறவள், அதுதான் என் பயமெல்லாம்.

நல்லபடியாகப் பெற்று என் மடியில் போடு, அது போதும் எனக்கு. மாப்பிள்ளைக்கு ஒன்றே ஒன்று. இப்போதெல்லாம் நான் நிஜமாகவே கோபித்து முகத்தைத் திருப்பினாலும், உன் அப்பா கட்டிலைச் சுற்றி அந்தப் பக்கம் வந்து பார்க்கிறார். நீ முகத்தைத் திருப்பினால் மாப்பிள்ளையையும் அப்படிச் சுற்றி வந்து பார்க்கச் சொல்.

உன் அம்மா