பெரிய வாத்தியார் எழுதிய பொய்

சித்திரபானு வருஷம், சித்திரை 6

எட்டு மணிக்கே மண்டையைப் பிளக்கும் வெயில். புளி இரண்டு முறம் கொட்டை எடுத்தாயிற்று. பட்டணத்தில் குண்டு விழும் என்று காலேஜை மூடிவிட்டதால் மகன் கோவிந்தன் மூன்று வாரமாக இங்கே. தத்துவ வாத்தியார். எது நல்லது, எது கெட்டது என்று சொல்லிக்கொடுக்கச் சம்பளம். குடித்த லோட்டாவை எடுத்து வைப்பது எதில் சேர்த்தி என்று இன்னும் தீர்மானமாகவில்லை.

அப்பன் காரியத்துக்கு வராமல் திருச்சியில் கடமை பற்றிப் பேசப் போனவன். பதினோரு வருஷம். மறப்பேனா?

சித்திரை 8

சேலத்திலிருந்து இன்னொரு தத்துவ வாத்தியார். மூன்று மணி நேரம் இரண்டு பேரும் ஒரே பேச்சு. பரிசல் முழுகுகிறதாம், இருவரில் யாரைத் தள்ளுவதாம்.

"அவங்க ரெண்டு பேருக்கும் பேரு இல்லியா?" என்றேன்.

"சும்மா உதாரணம்மா. நெசமா யாரும் இல்ல."

நெசமாக ஆள் இருந்தால் இவர்களுக்கு வாய் வராது. மூன்று தரம் காப்பி.

காலேஜில் தலைமை இடம் காலி. இவனுடைய குரு, பெரிய வாத்தியார், ஐப்பசியில் செத்த இடம். புஸ்தகம் போட்டால் தனக்குத்தான் என்கிறான். எழுதி முடித்துவிட்டானாம். எப்போது எழுதினான்? பகலெல்லாம் தூக்கம்.

சித்திரை 9

பாப்பாரப்பட்டி வாசகசாலையில் இவன் பேச்சு. "பொய் சொல்லலாமா?" பெண்கள் பக்கம் நானும் தாயம்மாளும். பெரிய வாத்தியார் சம்சாரம். குண்டுக்குப் பயந்து இங்கே அண்ணன் வீட்டில் இருக்கிறாள்.

இவன் ஓர் உதாரணம் சொன்னான். புருஷனுக்குக் கண் மங்கல். மலாய்க்குப் போன மகனிடமிருந்து கடுதாசி நின்றுவிட்டது. பெண்டாட்டி பழைய கடுதாசியைக் கையில் பிடித்துக்கொண்டு புதிது புதிதாகப் படிக்கிறாள். புருஷனுக்குத் தெரியும், சொல்லவில்லை.

தாயம்மாள் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். "அக்கா, இது எங்க வூட்ல நடந்தது. அவருக்குத் தெரியாதுன்னுல்ல நெனச்சிருந்தேன்!"

மேடையில் இவன் முடித்தான்: "அவள் செய்தது குற்றம். மன்னிப்புக்கே இடமில்லை." கைதட்டல். தாயம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து போனாள்.

மடையன். பெரிய வாத்தியார் எழுத்தைத் திருடியவனுக்கு அது அவர் குடித்தனம் என்று தோன்றவில்லை. பரிசல் மாதிரி சும்மா சொன்னது என்று நினைத்துவிட்டான்.

சித்திரை 10

தாயம்மாள் வந்தாள். உட்காரவில்லை.

"தம்பி, அவரு எழுதுனது ஒங்ககிட்டதான இருக்குது? என்னத் திட்டித்தான் முடிச்சிருக்காருங்களா? அது மட்டும் தெரிஞ்சாப் போதுங்க."

"அது என் சொந்த உதாரணங்க. தற்செயலா ஒத்துப்போச்சு."

இவன் வாயில் வெற்றிலை, முகத்தில் ஈரமே இல்லை. கொடுத்த மோரைத் தொடாமல் போய்விட்டாள்.

போன ஆவணி, மழை நாள். கோவிந்தன் பஸ்ஸை விட்டு இறங்கினான். சிவப்புக் கோடு போட்ட துண்டில் ஒரு காகிதக் கட்டு. "வாத்தியார் கண்ணு தெரியாம எழுதினதும்மா, நல்ல எழுத்துல பிரதி எடுத்துக் குடுக்கணும்." இவன் வாயால் சொன்னது. பிரதி எடுத்தான். பேரை மட்டும் மாற்றிக்கொண்டான்.

சித்திரை 11

இவன் கிணற்றுக்குப் போனதும் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அதே சிவப்புக் கோட்டுத் துண்டு. கொட்டை கொட்டையான எழுத்து, வரி மேல் வரி ஏறிக் கிடக்கிறது. மூன்றாம் வகுப்பு படிப்பை வைத்துக்கொண்டு தடவித் தடவி, கடைசியில் தாயம்மாள் கேட்ட இடம் அகப்பட்டது. கட்டோடு கிளம்பினேன். ஈர வேட்டியோடு வாசலை மறித்து நின்றான்.

"அம்மா, அதக் குடுத்துட்டின்னா எனக்குத் தலைமை இடம் போச்சு. பெத்தவ செய்யிற வேலையா இது?"

"பெத்ததே நாந்தாண்டா, அதனாலதான் போறேன். நகரு."

தாயம்மாள் கட்டை அவிழ்க்காமல் என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன்:

"எனக்குத் தெரியும் என்று சொல்லியிருந்தால் அவள் படிப்பதை நிறுத்தியிருப்பாள். பிள்ளை அவள் குரலில்தான் உயிரோடு இருந்தான். அதனால் உம் கொட்டிக்கொண்டே இருந்தேன். பொய் சொன்னவன் நான்."

"இன்னொரு தரம் படிங்க அக்கா."

படித்தேன்.

"இன்னொரு தரம்."